இரவல் கோபம்

"இந்தக் கட்டடத்துல இத்தனை பேர் இருக்கீங்களே, ஒருத்தருக்காவது வாய்னு ஒண்ணு இருக்கா? திங்கிறதுக்கு மட்டும் நல்லாத் திறக்குது! மத்ததுக்கெல்லாம் என் தொண்டைதான் கிடைச்சுதா?"

சலவை நிலையத்தின் மடிப்பு மேசை அக்கா காலையில் தலையில் வலைத்தொப்பியை மாட்டும்போது இதை ஒருமுறை சொல்வார். மத்தியானம் டிபன் டப்பாவைத் திறக்கும்போது இன்னொரு முறை. சாயங்காலம் செருப்பைத் தேடும்போது, கேட்க ஆளில்லாவிட்டாலும், சுவரைப் பார்த்து ஒருமுறை. இஸ்திரி ரோலரில் நிற்கும் பெண்கள் அவர் 'இந்தக் கட்ட' என்று ஆரம்பித்ததுமே மீதியை வாயசைத்து முடித்துவிடுவார்கள்.

அவருடைய பட்டப்பெயர் சைரன். வைத்தது யார் என்று தெரியாது. தெரிந்திருந்தால் அந்த ஆள் இந்நேரம் வேறு வேலை தேடியிருப்பார்.

ஆஸ்பத்திரிகளிலிருந்தும் ஓட்டல்களிலிருந்தும் அழுக்கு மூட்டைகள் வேனில் வந்து இறங்கும் இடம் அது. ஒரு பக்கம் ஆள் உயரச் சலவை இயந்திரங்கள், அடுத்து டிரையர்கள், அடுத்து படுக்கை விரிப்பை உள்ளே இழுத்துச் சூடாக வெளியே தள்ளும் இஸ்திரி ரோலர். கடைசியில் மடிப்பு மேசை. சைரன் அக்கா ஒரு விரிப்பை உதறினால் பட்டாசு வெடித்த மாதிரி சத்தம் வரும். நுனியோடு நுனி சேரும், தொடையில் ஒரு தட்டு, மேசையில் ஒரு தட்டு, அடுக்கில் போய் உட்காரும். கண் அதில் இருக்கவே இருக்காது. கண் முழுக்க எதிரே யார் என்ன தப்புச் செய்கிறார் என்பதில்தான்.

ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். அவர் திட்டிய திட்டில் பாதிக்கு மேல் அவருடையதே இல்லை.

மேற்பார்வையாளருக்கு ஊழியர்கள் வைத்த பெயர் சைலன்சர். உயரமான, மெலிந்த, ரொம்ப ரொம்ப நல்ல மனிதர். யாரையாவது கண்டிக்க வேண்டுமென்றால் அவருக்குக் கழுத்து வேர்க்கும், வார்த்தைகளை மென்று மென்று கடைசியில் விழுங்கிவிடுவார். ஒருநாள் யாரோ சட்டைப்பையில் பேனாவை விட்டுவிட்டுத் துணியை இயந்திரத்தில் போட்டு, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய அங்கிகள் மொத்தமும் நீலமாகிவிட்டன. சைலன்சர் அந்த நீல மூட்டைக்கு முன்னால் நின்று, "வந்து… அதாவது… இது… கொஞ்சம்…" என்று இழுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் மடித்துக்கொண்டிருந்த அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "என்ன சார் கொஞ்சம்? எங்க சார் கொஞ்சம்? ஏம்ப்பா, பையில கைய விட்டுப் பார்க்கிறதுக்கு உனக்கு என்ன, விரல் சுளுக்கிக்குமா?" என்று ஆரம்பித்து, ரோலர் சத்தத்தையும் தாண்டி ஒரு வறுவல் வறுத்தெடுத்தார். திட்டு வாங்கியவர் அன்று முதல் பையைப் பார்க்காமல் ஒரு துணியையும் போட்டதில்லை.

சைலன்சரின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. தலைவலி மாத்திரைக் கடையைக் கண்டுபிடித்துவிட்ட நிம்மதி.

அதற்குப் பிறகு அது வழக்கமாகிவிட்டது. யார் தப்புச் செய்தாலும் சைலன்சர் போய்த் தோளில் கைவைத்து, "போய் அக்காவை ஒரு தடவை பார்த்துட்டு வாங்களேன்" என்பார். அனுப்புவதற்கு முன்னால் மேசைப் பக்கம் வந்து, விரிப்பின் ஒரு நுனியைப் பிடித்துக்கொடுத்தபடி, "அக்கா… வந்து… அந்த வேன்காரர்… மூட்டையை ஈரத்துல இறக்கிட்டார்…" என்று கிசுகிசுப்பார். அதுதான் ஆர்டர். அக்கா பெருமூச்சு விட்டு, தொண்டையைச் செருமி, சரக்கைப் போட்டுக்கொடுப்பார்.

கசப்பு மட்டும் யார் பேரில் ஏறியது? அக்கா பேரில்தான். டீ நேரத்தில் பெஞ்சில் அவர் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர் லேசாக நகர்ந்து இடம் விடுவார், மரியாதை மாதிரி. பேச்சு அப்படியே அறுந்துபோகும். ரோலர் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமான சேதி எல்லோருக்கும் தெரிந்த பிறகு கடைசியாகத்தான் அவருக்குத் தெரிந்தது. "எனக்கென்ன, யார் கல்யாணம் பண்ணா என்ன" என்றார். அன்று மடித்த தலையணை உறைகள் எல்லாம் கொஞ்சம் கோணலாக இருந்தன.

வீட்டிலும் இதே லட்சணம். வீட்டுக்காரர் சாவி வெட்டும் கடை வைத்திருக்கிறார். எந்தப் பூட்டையும் திறப்பார், வாயை மட்டும் திறக்க மாட்டார். தண்ணீர்க் கேன்காரர் ஓட்டைக் கேனைக் கொடுத்தாலும், பக்கத்து வீட்டுக்காரர் வாசலை அடைத்து பைக்கை நிறுத்தினாலும், அவர் மனைவியின் முதுகுக்குப் பின்னால் நின்று தலையாட்டுவதோடு சரி. "ஆமா… அதேதான்…" என்று நடுவில் ஒன்று. அவ்வளவு பெரிய பங்களிப்பு.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் முதலாளியம்மா நகரத்தின் அடுத்த மூலையில் இன்னொரு கிளை திறந்தார். சைலன்சரை அங்கே மாற்றப்போகிறார்கள், இங்கே மேற்பார்வையாளர் இடம் காலி என்று சேதி பரவியது.

சைரன் அக்கா அன்று ராத்திரி சாப்பிடும்போது புருஷனிடம் சொன்னார். "அந்த வேலை எனக்கு வேணும்."

சாவிக்காரர் தலையாட்டினார்.

"தலைய ஆட்டாதீங்க, காரணத்தைக் கேளுங்க. நின்னு நின்னு முழங்கால் ரெண்டும் உள்ள மாவு அரைக்குது. அது ஒண்ணு. இன்னொண்ணு, இத்தனை நாளா ஊர்ல இருக்கிறவங்க கோபத்தையெல்லாம் நான் கூலிக்கு சுமந்துட்டு இருக்கேன். திட்டினா என் வேலைக்குத் திட்டினதா இருக்கணும். 'அது மேற்பார்வை பண்றவங்க, சொல்லத்தான் செய்வாங்க'ன்னு நாலு பேர் நினைக்கணும். இப்போ என்ன நினைக்கிறாங்க? 'அந்தப் பொம்பளைக்குப் புத்தியே அப்படி'ன்னு நினைக்கிறாங்க."

சாவிக்காரர் இந்த முறை தலையாட்டவில்லை. தன் தட்டில் இருந்ததில் பாதியை எடுத்து மனைவியின் தட்டில் வைத்தார். அவருக்குத் தெரிந்த பேச்சு அது.

மறுநாளே அக்கா மாடி ஏறினார். முதலாளியம்மா எதைச் சொன்னாலும் கடைசியில் 'புரியுதா?' போடுவார். "நீங்க வேலையில கெட்டிதான், புரியுதா? ஆனா உங்க மேல எத்தனை முணுமுணுப்பு! டிரையர்காரரைத் திட்டினீங்க, வேன்காரரைத் திட்டினீங்க, கணக்கு பார்க்கிற பொண்ணு அழுதுட்டே போனாளாம். நாளைக்குக் கையில அதிகாரமும் கொடுத்தா என்ன ஆகும்? புரியுதா?"

"அம்மா, அதெல்லாம் நானா திட்டல…"

"அப்புறம் உங்களுக்குள்ள பூந்து யார் திட்டினாங்க?"

அக்கா திரும்பிப் பார்த்தார். கதவோரம் சைலன்சர் நின்றுகொண்டிருந்தார். வாய் திறந்தது. "வந்து… மேடம்… அதாவது…" என்றது. மூடிக்கொண்டது.

அக்கா முழங்காலைப் பிடித்தபடி படியிறங்கினார். சைலன்சர் பின்னாலேயே வந்து, "அக்கா, நான் சொல்லிடலாம்னுதான்… சமயம் பார்த்து…" என்றார். "பாருங்க சார், நல்லாப் பாருங்க. சமயம் எதிர் பெஞ்சுல உக்காந்து டீ குடிச்சிட்டு இருக்கும்" என்றார் அக்கா.

முதலாளியம்மா ஒரு வழி கண்டுபிடித்தார். பயிற்சி கொடுக்கும் பெண் ஒருத்தியை வரவழைத்தார். சின்னப் பெண், தேன் தடவிய குரல், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் வாலாக ஒரு 'ஓகேவா?'. சாப்பாட்டு அறையில் எல்லோரையும் உட்காரவைத்து, கண்டிப்பது எப்படி என்று பாடம் நடத்தினாள்.

"இங்கிலீஷ்ல 'சூ அவுட்'னு ஒண்ணு சொல்வாங்க, ஓகேவா? 'சூ'ன்னா மெல்றது. ஒருத்தரைக் கடிச்சு மென்னு வெளிய துப்பினா எப்படி இருக்கும்? அந்த மாதிரி காய்ச்சி எடுக்கிறது. மேலதிகாரி, கீழ வேலை செய்றவங்களைத் திட்டுவாரே, அதுக்குத்தான் வரும். பெரும்பாலும் திட்டு வாங்கினவர் வெளிய வந்து புலம்பும்போது சொல்றது: 'இன்னிக்கு பாஸ் என்னை சூ அவுட் பண்ணிட்டார்'னு. பேச்சுலதான் வரும், ஆபீஸ் கடிதத்துல எழுத மாட்டாங்க. கீழ இருக்கிறவங்க மேல இருக்கிறவங்களைத் திட்டினா இந்த வார்த்தை ஒட்டாது. ஓகேவா? இந்த சூ அவுட்டைத்தான் நாம நிறுத்தணும்."

அக்கா கை தூக்கினார். "எனக்குக் கீழ ஒருத்தரும் இல்லையேம்மா. நான் பண்றது எதுல சேரும்?"

அந்தப் பெண் கையிலிருந்த தாள்களைப் புரட்டினாள். பாவம், அவள் புத்தகத்தில் அப்படி ஒரு கேஸ் இல்லை.

டிரையர்காரர் பின்வரிசையிலிருந்து, "மேடம், அவுட் மட்டும்தானா? வேற இல்லையா?" என்று கேட்டார். காதில் பாட்டு மாட்டிக்கொண்டே திரியும் ஆள். எதைக் கேட்டாலும் 'ஜம்முனு இருக்கு' என்பார்.

"இருக்கு. 'சூ ஓவர்'னா ஒரு விஷயத்தை உடனே முடிவு பண்ணாம மனசுக்குள்ள போட்டு மென்னுட்டே இருக்கிறது. 'சூ அப்'னா மிஷின் துணிய உள்ள இழுத்துக் கடிச்சுக் குதறிடுதே, அது."

"அட! அப்போ சைலன்சர் சார் ஓவர், நம்ம ரோலர் அப், அக்கா அவுட்!"

சாப்பாட்டு அறை குலுங்கியது. சைலன்சர்கூடச் சிரித்தார். அக்காவுக்கும் உதட்டோரம் வந்துவிட்டது, அதைக் கடித்துக்கொண்டார்.

முடிவு இதுதான்: ஒரு வாரம் அக்கா யாரிடமும் குரல் உயர்த்திப் பேசக் கூடாது. பேசாமல் இருந்தால், அடுத்த திங்கட்கிழமை முதலாளியம்மா வேலையைப் பற்றி யோசிப்பார்.

அந்த ஒரு வாரம் மனுஷி பட்ட பாடு! யாரோ துண்டையும் தலையணை உறையையும் கலந்து போட்டார்கள். அக்கா தானே பிரித்துவைத்தார். வேன்காரர் மூட்டையை வழியில் போட்டுவிட்டு ஃபோன் பேசப் போனார். அக்கா தாண்டிப் போனார். வாயில் தண்ணீரை வைத்துக்கொண்டு நடப்பவர் மாதிரி கன்னம் இரண்டும் உப்பியிருந்தது. வீட்டு வாசலில் பக்கத்து வீட்டு பைக் ஜம்பமாக நின்றது. "நீ ஒரு வார்த்தை…" என்று சாவிக்காரர் ஆரம்பித்தார். "எனக்கு இப்போ பரீட்சை நடக்குது. நீங்க எழுதுங்க" என்றார். சாவிக்காரர் பைக்கைச் சுற்றி ஒருமுறை நடந்துவிட்டு, பக்கவாட்டில் ஒருக்களித்து உள்ளே வந்தார்.

பெரிய தலைவலி டிரையர். டிரையரின் கீழே ஒரு வலை உண்டு. துண்டிலிருந்து உதிரும் நூல்பிசிறெல்லாம் அதில் சேரும். அதை எடுத்துத் தட்டாவிட்டால் சூடு வெளியேறாது, உள்ளே இருப்பது கருகும். டிரையர்காரர் தட்டவில்லை. முன்பெல்லாம் அக்கா தினமும் ஒரு அதட்டல் போட்டுத் தட்டவைப்பார். இப்போது அதட்டல் இல்லை என்றதும், வலையும் இல்லை என்று அவர் நினைத்துக்கொண்டார்.

சைலன்சர் மேசைக்கு வந்து விரிப்பு நுனியைப் பிடித்தார். "அக்கா… அந்த வலை… ஒரு வார்த்தை…"

"முடியாது சார். நீங்கதான் மேற்பார்வை. நீங்களே போங்க."

சைலன்சர் போனார். அக்கா மடித்துக்கொண்டே காதைத் தீட்டினார்.

"தம்பி… வந்து… நல்லா இருக்கீங்களா?"

"ஜம்முனு இருக்கேன் சார்."

"அந்த… வலை…"

"வலையும் ஜம்முனு இருக்கு சார்."

"அப்படியா… சரி… நல்லா வேலை பாக்குறீங்க… பாத்துக்கோங்க."

திரும்பி வந்து, நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "சொல்லிட்டேன் அக்கா. கொஞ்சம் கடுமையாவே சொல்லிட்டேன்" என்றார். அந்தப் பக்கம் டிரையர்காரர், சார் தன்னைப் பாராட்டினார் என்று ரோலர் பெண்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அக்கா கண்ணை மூடித் திறந்தார். மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனதும் தானே மண்டியிட்டு, முழங்கால் கதறக் கதற, வலையை உருவித் தட்டினார். அந்த வாரம் முழுக்கத் தட்டினார்.

திங்கட்கிழமை மத்தியானம் தட்ட முடியவில்லை. முதலாளியம்மா மேலே கூப்பிட்டிருந்தார். அறையில் பயிற்சிப் பெண், சைலன்சர், அக்கா. "ரொம்ப முன்னேற்றம், ஓகேவா?" என்று அந்தப் பெண் சொல்லிக்கொண்டிருந்தாள். முதலாளியம்மா, "ஒரு வாரம் சரி. அதுக்கு முன்னாடி இருந்த முணுமுணுப்பை என்ன பண்றது, புரியுதா?" என்று ஆரம்பித்தார்.

அக்காவின் மூக்கு விடைத்தது. துணி கருகும் வாடை.

நாற்காலி பின்னால் விழ, அவர் படிகளில் இறங்கிய வேகத்தில் முழங்கால் வலியெல்லாம் எங்கே போயிற்றோ. "டிரையரை நிறுத்து! மெயினை இறக்கு! டிரையர் கதவைத் திறக்காதே, திறந்தா பத்திக்கும்! எல்லாரும் வெளிய போங்க!" ஒரு வாரமாக அடைத்துவைத்த குரல் கட்டடத்தின் கண்ணாடிகளை ஒரு உலுக்கு உலுக்கியது. காதில் பாட்டோடு நின்ற டிரையர்காரருக்கே கேட்டுவிட்டது. மெயின் இறங்கியது. புகை கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு அடங்கியது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. உள்ளே இருந்த ஓட்டல் துண்டுகள் மட்டும் காப்பித்தூள் நிறத்தில் வந்தன.

முதலாளியம்மா மூச்சு வாங்க இறங்கி வந்தார், பின்னாலேயே சைலன்சரும் பயிற்சிப் பெண்ணும். வலையில் திரண்டிருந்த பிசிறைப் பார்த்தார். நேராக அக்காவிடம் திரும்பினார்.

"உங்க கண்ணுல படாம இங்க எதுவும் நடக்காதே. இவரை முன்னாடியே நாலு வார்த்தை திட்டியிருக்கக் கூடாதா நீங்க?"

அவ்வளவுதான். அக்கா இடுப்பில் கைவைத்தார். ரோலர் பெண்கள் வழக்கம்போல் வாயசைக்கத் தயாரானார்கள். ஆனால் இந்த முறை வந்தது அவர்களுக்குத் தெரியாத பாடம்.

"என்னம்மா கேக்கிறீங்க? திட்டினா பொல்லாதவ, திட்டலைன்னா பொறுப்பில்லாதவளா? இவருக்கு வலைய தட்டத் தெரியாது, சாருக்கு அதைச் சொல்லத் தெரியாது, உங்களுக்குக் கீழ என்ன நடக்குதுன்னு இறங்கி வந்து பார்க்கத் தெரியாது. இது எல்லாத்துக்கும் சேர்த்து நான் வாயைத் தைச்சுக்கிட்டு மண்டி போட்டு வலை தட்டினேன், போன வாரம் பூரா! இன்னிக்கு ஏன் தட்டல? நீங்க என்னை மேல உக்கார வெச்சு, நான் எவ்வளவு சாதுவாயிட்டேன்னு பார்த்துட்டு இருந்தீங்க, அதான் தட்டல!"

பயிற்சிப் பெண் மெல்லிய குரலில், "இது… கீழேர்ந்து மேல போகுது… இதுக்கு அந்த வார்த்தை ஒட்டாது…" என்றாள்.

"ஒட்டலைன்னா பசை போட்டு ஒட்டிக்கோம்மா!"

முதலாளியம்மாவின் முகம் சிவந்தது. "இதுதான், இதைத்தான் நான் சொன்னேன். இந்தக் குரலை வெச்சுக்கிட்டு…"

"மேடம்." சைலன்சர்தான். கழுத்தெல்லாம் வேர்த்திருந்தது. "அக்கா இதுவரைக்கும் இங்க திட்டினது எல்லாமே நான் திட்டச் சொல்லித் திட்டினது, அந்தக் கணக்குப் பொண்ணு அழுததும் என்னாலதான், எனக்குத் தைரியம் இல்லாம நான்தான் ஒவ்வொருத்தரையா இவங்ககிட்ட அனுப்பினேன்."

மெல்லவில்லை, விழுங்கவில்லை. ஒரே மூச்சு. சொல்லி முடித்ததும் பக்கத்திலிருந்த தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டார். டிரையர்காரர் காதிலிருந்து பாட்டைக் கழற்றிப் பையில் போட்டார்.

முதலாளியம்மா கருகிய துண்டு ஒன்றை எடுத்து உதறிப் பார்த்தார். "நாளையிலேர்ந்து மேற்பார்வையாளரோட கண்ணாடி அறைச் சாவி உங்ககிட்ட" என்று அக்காவிடம் சொல்லிவிட்டு மாடியேறினார். 'புரியுதா' போட மறந்துவிட்டார்.

மறுநாள் காலை டிரையர்காரர் யாரும் சொல்லாமலேயே வலையைத் தட்டி, தட்டிய பிசிறைக் கண்ணாடி அறைக்கு எடுத்துவந்து காட்டிவிட்டுப் போனார். டீ நேரத்தில் ரோலர் பெண் வந்து, "அக்கா, கல்யாணப் புடவை என்ன கலர்ல எடுக்கலாம்?" என்று கேட்டாள். அக்கா பதில் சொல்ல வாயெடுத்தபோது ஃபோன் அடித்தது.

புதுக் கிளையிலிருந்து சைலன்சர்.

"அக்கா… வந்து… இங்க ஒரு வேன்காரர்… முதல் நாளே மூட்டையை மாத்தி இறக்கிட்டார்… பக்கத்துலதான் நிக்கிறார்… நான் ஸ்பீக்கர்ல போடறேன், நீங்க ஒரே ஒரு வார்த்தை…"

அக்கா ஃபோனைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை முறைத்துப் பார்த்துவிட்டு, திரும்பக் காதில் வைத்தார்.

"ஸ்பீக்கர்ல போட்டாச்சா சார்? நல்லதாப் போச்சு, ரெண்டு பேருமே கேளுங்க. வேன்காரரே, உங்க சார் உங்க மேல பயங்கரக் கோபத்துல இருக்கார். முகத்தைப் பார்த்தாத் தெரியாது, கழுத்தைப் பாருங்க, வேர்த்திருக்கும். சார், இப்போ உங்களுக்கு: நேத்து அம்மா முன்னாடி நின்னு ஒருத்தர் மூச்சு விடாம ஒரு முழு வாக்கியம் பேசினாரே, அந்த ஆள் உங்க சட்டைக்குள்ளதான் எங்கயோ இருக்கார், தேடிப் பிடிங்க. கிடைச்சா வேன்காரரை அவரே திட்டட்டும். கிடைக்கலைன்னா திரும்பக் கூப்பிடுங்க, வந்து திட்டுறேன், வேன்காரரை இல்ல சார், உங்களை!"